சனிக்கிழமைப் படலம்

"இந்தக் கைரேகை உங்களதாம்மா?"

வந்தவள் இன்னும் உட்காரக்கூட இல்லை. கைப்பையிலிருந்து ஒரு பழைய பனியன் துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அப்படிக் கேட்டாள்.

துளசிமணிக்குக் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாம்பல் பூத்த கரும்பலகை நிறம், மூலையில் கம்பி கோக்க ஒரு துளை. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் அந்த ஏழு தொட்டி ஷெட்டில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட தகடு நாளைக்கு நாலு அவள் கையால் கம்பி கட்டி இறக்கியிருக்கிறாள். பம்ப் மூடியும் மோட்டார் உறையும் ஒவ்வொரு தொட்டியாக முங்கி, எண்ணெய் போய், துரு போய், அலசி, பாஸ்பேட் தொட்டியின் சூட்டில் இருபது நிமிடம் கிடந்தால் மேலே ஒரு சாம்பல் தோல் கட்டிக்கொள்ளும். அந்தத் தோல் இருந்தால்தான் பெயின்ட் ஒட்டும், துரு அண்டாது. சரக்கைச் சுரண்டிப் பார்க்க முடியாது என்பதால் ஒவ்வொரு இறக்கத்தோடும் ஒரு சோதனைத் தகடு கூடப் போகும். இது அப்படிப் போன ஒன்று. ஆனால் தேறிய தகடு இல்லை, கழித்துப் போட்டிருக்க வேண்டியது. நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, சாம்பலுக்குள்ளே மெல்லிய பழுப்புக் கோடுகளாகப் படுத்திருந்தது. வெறுங்கை பட்ட இடத்தில் தோல் ஒழுங்காகப் பிடிக்காது. முதல் நாள் வேலைக்கு வருகிற பெண்ணுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

"நீங்க யாருங்க கண்ணு?" என்றாள்.

"எம்பேரு பெர்சி. நாசரேத்துலருந்து வாரேன். எபனேசர்னு இங்க ஷெட்ல வேல பாத்தாவல்லா, அவுக எங்க மாமா. எங்க அம்மைக்கு அண்ணன்."

துளசிமணி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பேரை அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட நாளுக்குக் கணக்கில்லை. இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டு நாற்பது வருஷம் ஆயிற்று.

"இருக்காருங்களா?"

"இருக்காவ. பேச்சுதான் இல்ல."

பெர்சி அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. எபனேசர் பூனாவில் ஒரே கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இருந்திருக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தத் தகடும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் தையல் மெஷின் எண்ணெயை ஒரு பனியன் துணியில் தொட்டு இதைத் துடைத்து வைப்பார். பூனாவில் ஏதோ போட்டியில் கொடுத்த பரிசு என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். பரிசில் ஏன் எழுத்து ஒன்றும் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் கட்டி வலது கையும் பேச்சும் போயின. இடது கையில் இந்தத் தகட்டைப் பிடித்தபடியேதான் கிடக்கிறார்.

"முழுசாவா போயிருச்சு பேச்சு?"

"ஒரே ஒரு வார்த்த இருக்கும்மா. வாரேன் நா, வாரேன் நான்னு. காலையில எந்திச்சா அது, ராத்திரி கண்ணு மூடுற வரைக்கும் அது. பாஸ்டர் ஐயா வந்து பாத்துட்டு, கர்த்தர்ட்ட போறதுக்கு விடை கேக்காவ, ஜெபம் பண்ணுங்கன்னுட்டாவ. அன்னையிலருந்து எங்க அம்மை அழுதுக்கிட்டே கெடக்கா."

துளசிமணி தகட்டைத் திருப்பினாள். பின்பக்கம் ஆணியால் கீறிய எழுத்து, கோடு சாய்ந்த அந்த எண்கள். 14-9-91. அதற்குக் கீழே ஒரே ஒரு எழுத்து. 'து'.

"எங்க மாமா குரல் எங்கள்ட்ட ஒண்ணுகூட இல்ல," என்றாள் பெர்சி. "போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாவ. போட்டோ எடுத்தாக்கூட எந்திச்சுப் போயிருவாவ. இப்பதான் தகட்டுலருந்து குரல் எடுக்கலாம்னு சொல்லுதாவல்லா. எங்க அம்மைக்கு ஒரு மட்டம் கேக்கணும். அதுக்கு உங்க கையெழுத்து வேணும்."

தகட்டுக்குக் குரல் எப்படி வந்தது என்று பெர்சிக்கே புரியத்தான் இல்லை. துளசிமணி சொன்னாள். "பாலுக்கு உறை ஊத்தி வெச்சுட்டுச் சட்டியை ஆட்டினா தயிர் என்னாகும்? ஆட்டின இடமெல்லாம் வரி வரியா உடைஞ்சு நிக்குமில்ல? அந்த மாதிரிதான் கண்ணு. அந்தக் காலத்துச் சூட்டுத் தொட்டியில தோல் மெதுவா வளரும். வளர்ற நேரத்துல பக்கத்துல யாராவது பேசினா அந்த அதிர்வுக்கு ஒரு மயிரிழை சாஞ்சுக்கும். அடுக்குக்கு அடியில அடுக்கா அப்படியே உறைஞ்சு போயிரும், முதல்ல பேசினது மேல நிக்கும்."

பத்து வருஷத்துக்கு முன்னால், துரு எப்படி இறங்குகிறது என்று ஒரு பழைய மோட்டார் மூடியை அடுக்கடுக்காக உரித்துப் பார்த்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி, நடு அடுக்கில் ஒரு ஆள் இருமுவதைக் கண்டுபிடித்தாள். அந்த இருமலோடு ஆரம்பித்தது. முதலில் எல்லாருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டு பீரோவைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதை முக்கியெடுத்த தொழிலாளி முப்பது வருஷத்துக்கு முன்னால் தன் மேஸ்திரியைத் திட்டினதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுச் சிரித்தார்கள். பிறகு அந்தத் தொழிலாளிகளின் வீடுகளுக்குச் செய்தி போக ஆரம்பித்தது. யார் யாரிடம் என்ன குசுகுசுத்தான், யார் யாரைக் கைவிடுவதாகச் சொன்னான் என்று. ரத்தினபுரியில் ஒருத்தி, புருஷன் செத்துப் பதினோரு வருஷம் கழித்து அவன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினாள். குரலுக்காகக் கம்பிக் கதவுகள், பாலத்து ஆணிகள்கூடத் திருட்டுப் போயின, உரித்த இரும்பு மழையில் நின்று துருவேறி இற்றது. அப்புறம்தான் சட்டம் வந்தது. தகட்டில் பேசியிருக்கக்கூடியவர்களில் உயிரோடு இருக்கிற அத்தனை பேரும் ஒப்புக்கொண்டால்தான் உரிக்கலாம்.

கம்பெனிகள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. தொட்டிப் பக்கம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று போர்டு மாட்டிவிட்டார்கள். துளசிமணி கடைசியாக வேலை பார்த்த பம்ப் கம்பெனியில், ஓய்வு பெறுமுன் ஐந்து வருஷம் அவளுக்குக் கொடுத்த வேலையே அதுதான். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வாய் அசைகிற பெண்களைப் பார்த்து உதட்டில் விரல் வைக்க வேண்டும். ஒரு காலத்தில் ஷெட் கூரை அதிரப் பேசியவளுக்கு அந்த வேலை.

"மத்தவுக யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டாள் பெர்சி. "ஷெட் முதலாளி இல்லன்னு சொன்னாவ. பென்ஷன் ஆபீஸ்ல உங்க பேரு மட்டுந்தான் கெடச்சுது."

"அன்னைக்கு நாங்க ரெண்டு பேருந்தான் கண்ணு. சனிக்கிழமை. மத்தவங்க மத்தியானமே போயிட்டாங்க. கடைசி இறக்கம்."

"மாமா சம்மதம் இருக்கு," என்று பெர்சி ஒரு தாளை நீட்டினாள். "படிச்சுக் காட்டினேன். பேனாவ வாங்கல. தகட்ட மடியில வச்சுட்டு எடது கட்டவெரல நீட்டினாவ."

தாளின் அடியில் நீல மையில் ஒரு கட்டைவிரல். பக்கத்தில் தகட்டில் ஒரு கட்டைவிரல். துளசிமணி தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். மொழுமொழுவென்று சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. முப்பது வருஷ அமிலத் தண்ணீர் ரேகையைத் தின்றுவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் மாதாமாதம் சிவப்பு விளக்குத்தான் காட்டும். கண்ணைக் காட்டி அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய ரேகை என்று உலகத்தில் மிச்சமிருப்பது இந்தத் தகட்டில் மட்டும்தான். அதற்கு வாரம் தவறாமல் எண்ணெய் போட்டு ஒரு ஆள் வைத்திருந்திருக்கிறார்.

உரித்தால் அது போய்விடும். அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் உரித்தால்தான் அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று தெரியும்.

அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொண்டதில்லை. அவர் பாயிண்ட் பார்க்கிறவர். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, அமிலம் எத்தனை பாயிண்ட் என்று சொல்கிறவர். அவள் கம்பி கட்டுகிறவள். நாள் முழுக்க அவள் பேசுவாள், அவர் கேட்டுக்கொண்டே சொட்டு எண்ணுவார், எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து எண்ணுவார். அவ்வளவுதான். அது போதுமென்று அவள் இருந்தாள். அன்றைக்குக் கடைசி இறக்கம் போட்டபின் அவர் தொட்டியைப் பார்த்துத் திரும்பி நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மேலே புகை இழுக்கிற காற்றாடி ஓடுகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அவள் விடைபெற்றுக்கொண்டு ஓடினாள். ஓடுமுன் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அவர் முகத்தில் அதற்கு முன்னால் அவள் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை முதலாளி சொன்னார், எபனேசர் நின்றுவிட்டான், பூனாவுக்குப் போய்விட்டான் என்று. ஒரு கடிதம் இல்லை. ஒரு வார்த்தை இல்லை.

போகிறவன் அப்படிச் சிரிப்பானா? இதைத்தான் நாற்பது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷம் காத்திருந்துவிட்டு வீட்டில் பார்த்த இடத்தில் கழுத்தை நீட்டினாள். கட்டினவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனுஷன், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். மகன் ஓசூரில் இருக்கிறான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், பால் பொங்கக் காத்து நின்றால், அந்தச் சிரிப்பு வந்து நின்றுவிடும்.

"உங்க மாமா என்னைப் பத்தி ஏதாவது…"

"பேரே சொன்னதில்லம்மா. கோயம்புத்தூரப் பத்திப் பேசினாலே எந்திச்சுப் போயிருவாவ. எங்க அம்மை மட்டும் கேலி பண்ணுவா, எங்கண்ணன் வேலைக்குச் சேர ஒருநாள் பிந்திப் போனவன், கோயம்புத்தூர் ஸ்டேஷன்ல குந்தியிருந்தே தூங்கிட்டான்னு. அதுக்கும் பதில் சொல்ல மாட்டாவ."

துளசிமணி எழுந்துபோய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போட்டாலும் நான் கூட இருந்துதான் கேட்பேன் என்றாள்.

தகடு கேட்கிற இடத்துக்கு அரசாங்கம் வைத்த பேர் ஒலிப்பிரிப்புக் கூடம். அங்கே இருந்தவர் மருதாசலம், ஐம்பது வயசு இருக்கும். தகட்டை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். சட்டப்படி மூன்று தரம் கேட்க வேண்டும், கேட்டார்.

"ஒரு தடவைதாங்கம்மா கேக்க முடியும். ஒளியால அடுக்கடுக்கா உரிச்சு எடுக்கும். உரிச்சது போனது போனதுதான். சத்தத்தைப் பதிஞ்சு குடுத்துருவேன். தகடு மொட்டையாத்தான் வரும்."

"இந்த ரேகையை மட்டும் விட்டுட்டு உரிக்க முடியாதுங்களா?"

அவர் தகட்டைச் சாய்த்துக் காட்டினார். "ஓரமெல்லாம் பாருங்க, துடைச்சுத் துடைச்சுத் தேஞ்சு போச்சு. சத்தம் கெடாம இருக்கறது இந்த ரேகையைச் சுத்தித்தான். யாரோ அந்த எடத்துல மட்டும் துணியை அழுத்தாம விட்டிருக்காங்க."

பெர்சி அவள் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம்னா வேண்டாம்மா. நா அம்மைட்ட சொல்லிக்கிடுதேன்."

"கேட்டுட்டுப் போறவங்கள்ல பாதிப் பேரு, கேக்காமயே இருந்திருக்கலாம்னு சொல்லிட்டுப் போறாங்க," என்றார் மருதாசலம். அதையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

"மீதிப் பேரு?"

"ஒண்ணும் சொல்றதில்லைங்க."

அவள் பயந்தது அவர் சொல்லியிருக்கக்கூடிய எதையும் நினைத்து அல்ல. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்? தொட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றவர், பாயிண்ட் இறங்கிவிட்டது, மருந்து ஊற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால்? ரேகையும் போய், நாற்பது வருஷத்துச் சிரிப்பும் போய்விடும். கையில் ஒரு வெறும் இரும்புத் துண்டு இருக்கும்.

தகட்டின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். இருபத்துநாலு வயசு விரலுக்கு இப்போதைய விரல் கொஞ்சம் அகலம்.

"போடுங்க," என்றாள்.

முதலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு சங்கிலி உரசுகிற சத்தம். காற்றாடி இரைச்சலை மருதாசலம் ஒரு குமிழைத் திருப்பிக் கழித்தார். ஷெட் திடீரென்று அமைதியாகிவிட்டது. இவ்வளவு அமைதியாக அந்த இடம் ஒருநாளும் இருந்ததில்லை என்று துளசிமணிக்குத் தோன்றியது. இப்படி இருந்திருந்தால் கேட்டிருக்குமே என்றும் தோன்றியது.

"ஏ துளசி, தகட்ட வெறுங்கையால தொட்டியா?"

இளங்குரல். பெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கை கழுவிட்டுத்தானுங் சார் தொட்டேன்." அந்தப் பெண்ணைத் துளசிமணிக்கே அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது.

"கழுவின கையிலயும் எண்ணெ இருக்கும்னு எத்தன மட்டம் சொல்லுதேன்."

"ஏனுங் சார், விரல்ல இருக்கற எண்ணெய்க்கே பயப்படற மருந்து, துருவை எப்படீங் தடுக்கும்?"

"ஒன் வாய்க்குத் தனியா ஒரு தொட்டி கட்டணும். எட்டாவது தொட்டி."

அவள் சிரித்தாள், அங்கே. அப்புறம் சித்தி வீட்டு ஆடு ஜாதகக் கட்டைத் தின்ற கதையை ஆரம்பித்துவிட்டாள். முழுக் கதையும் இருந்தது. நடுநடுவே அவர் 'ம்' போடுவது இருந்தது. மருதாசலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டார். ஒளி அடுக்கடுக்காகத் தின்றுகொண்டே போனது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தகடு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது.

பிறகு செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. தூரத்தில் குழாய் திறந்தது. கால் கழுவப் போயிருக்கிறேன் என்று துளசிமணி நினைத்துக்கொண்டாள். அவர் தொட்டியைப் பார்த்து நிற்கிறார். நான் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"துளசி." நீண்ட இடைவெளி. "பூனாவுல வேல கெடச்சிருக்கு எனக்கு. நாளைக்குக் காலையில வண்டி. முதலாளிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்க வீட்டுல ஒத்துக்கிட மாட்டாவ. எங்க வீட்டுலயும் மொதல்ல ஏசுவாவ, பொறவு சரியாப் போகும். நா யோசிச்சுத்தான் சொல்லுதேன்." மறுபடியும் இடைவெளி. குழாய் மூடியது. "நீ எங்கூட வாரியா? காலையில அஞ்சரைக்கு, டிக்கெட் குடுக்குற எடத்துல நிப்பேன்."

டிபன் டப்பா பைக்குள் விழுகிற சத்தம். வெளியே பஸ் ஹாரன். செருப்பு ஓடி வந்து நின்றது. கணீரென்று, சந்தோஷமாக, அவள் குரல்.

"நா வர்றனுங் சார்."

பெர்சி துளசிமணியைத் திரும்பிப் பார்த்தாள். மருதாசலமும் பார்த்தார். அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெளுத்துக்கொண்டு வரும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'போறேன்' என்று சொல்லிவிட்டு எந்த இடத்தை விட்டும் கிளம்பக் கூடாது, 'வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா அடித்து வளர்த்த வாய். அன்றைக்கு ஒருநாள் அபசகுனமாக, மரியாதை கெட்டு, 'போறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். அவருக்குப் புரிந்திருக்கும்.

செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. பஸ் கிளம்பிற்று. தோல் முற்ற இன்னும் நாலு நிமிடம் பாக்கியிருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் தனியாக நிற்கிற ஒரு ஆள் தனக்குத் தானே மெல்லச் சிரித்துக்கொள்கிற சத்தம்.

"வாரேன்னா," என்றார் அவர், யாருமில்லாத ஷெட்டில். கொஞ்சம் பொறுத்து, நம்ப முடியாதவர் மாதிரி மறுபடியும், "வாரேன்னா." சங்கிலியை இழுத்தார். தகடு தண்ணீரைவிட்டு மேலேறுகிற கடைசி அடுக்கிலும் அதுதான் இருந்தது. "வாரேன்னா."

ஒளி அணைந்தது.

பெர்சி எழுந்து நின்றுவிட்டாள். "இதுதாம்மா. இதத்தான் மாமா சொல்லுதாவ. இதே மாதிரி, இதே இழுவையில. வாரேன், நா இல்ல. வாரேன்னா. வாரேன்னு சொன்னா அவ, வாரேன்னா." கண்ணாடியில் கை ஊன்றிக்கொண்டாள். "நாங்க சாகப் போறாவன்னுல்லா ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம்."

ஒருநாள் பிந்திப் போனவன் என்று தங்கை கேலி செய்வாளாமே. ஞாயிற்றுக்கிழமை ஷெட் பூட்டியிருக்கும். அவள் வீட்டுத் தெருவுக்குள் வந்து விசாரித்தால் அவள் பேர் கெடும் என்று அவருக்குத் தெரியும். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நின்றிருக்கிறார். அந்த நேரமெல்லாம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று துளசிமணி யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. தலைக்குக் குளித்திருப்பாள். திங்கட்கிழமை வேலைக்குப் போட்டுக்கொள்ளத் தாவணியை இஸ்திரி போட்டிருப்பாள்.

மருதாசலம் தகட்டை இடுக்கியால் எடுத்து வந்து வைத்தார். பளபளவென்று, வெள்ளிக்காசு மாதிரி இருந்தது. பின்பக்கத்துக் கீறல் எழுத்து மட்டும் மிச்சம். அவர் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். "தடவித் தர்றனுங்க. இல்லீன்னா வெறும் இரும்பு, காத்துப் பட்டாலே பிடிச்சுக்கும்."

"இருங்க," என்றாள் துளசிமணி.

இரும்புக்குத் தோல் போட்டே காலம் கழித்தவள், வெறுங்கட்டைவிரலைத் தகட்டின் நடுவில் அழுத்தி வைத்தாள். எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. ரேகையில்லாத விரல் என்ன பதியும்? ஆனால் விரலில் உப்பு இருக்கிறது, வியர்வை இருக்கிறது. நாசரேத் போய்ச் சேருவதற்குள் அந்த இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளி எழுந்துவிடும். அதை எபனேசரைவிட நன்றாக அறிந்தவர் யார் இருக்கிறார்கள்?

"சுத்தி மட்டும் தடவுங்க," என்றாள்.

பெர்சிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பதிந்த குரலை மருதாசலம் ஒரு மெமரி சில்லில் போட்டுக் கொடுத்தார், இன்னொன்று துளசிமணிக்கு. அவள் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். வாசலில் ஆட்டோ நின்றது. பெர்சி தகட்டைப் பனியன் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். துளசிமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமாட்ட நா என்னம்மா சொல்லட்டும்?"

துளசிமணி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சரிம்மா. அப்ப நா வாரேன்."

"நானும் வர்றேன்."

பெர்சி தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள். டிரைவர் முறுக்கினார், புகையும் சத்தமுமாக வண்டி நகர்ந்தது. துளசிமணி நின்ற இடத்திலேயே நின்றாள். பத்தடி போயிற்று. இருபதடி. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

தொட்டி ஓரத்தில் ஐந்து வருஷம் உதட்டில் விரல் வைத்து நின்றவள், கூடத்துக் காவல்காரர் திடுக்கிட்டுத் திரும்பும்படி ஒரு சத்தம் கொடுத்தாள். "கண்ணு, நிறுத்தச் சொல்லு."

ஆட்டோ நின்றது. அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சிறைக்கப் போய்ச் சேர்ந்தாள். பெர்சி தலையை வெளியே நீட்டினாள்.

"என்னம்மா, எதாவது மறந்துட்டீங்களா?"

"நா வர்றேன்னு சொன்னனே."

"ஆமா, நானுந்தானம்மா சொன்…"

பெர்சி பாதியில் நிறுத்தினாள். துளசிமணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.